14 வயதுப் பையனிடம் சாவியைக் கொடுத்தது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில், 14 வயதிலேயே கள்ளச்சாராயக் கார் ஓட்டிய அமெரிக்கக் கார் பந்தய வீரர் ஜூனியர் ஜான்சனைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையை மதுரையில் இருக்கும் என் மாமனார் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார். கூடவே, "பேராண்டி, 14 வயசுல என்னா துணிச்சல் பாரு" என்று ஒரு வரி. அந்தப் பேராண்டி எங்கள் மகன்தான். சார்லட் நகரத்தில், அதாவது ஜூனியர் ஜான்சன் பிறந்த அதே வட கரோலினா மாநிலத்தில், போன மாதம் கார் ஓட்டப் பழகுநர் உரிமம் வாங்கியிருக்கிறான். தமிழ் பேசுவான், படிக்க வராது, அதனால் என்னைப் படித்துக் காட்டச் சொன்னான். சத்தமாகப் படிக்கப் படிக்க எனக்கு எரிச்சல் ஏறியது. இந்தக் கடிதம் அதனால்தான். கொஞ்சம் நீளம். எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், அம்மாவைப் பற்றி நான் எழுதியிருக்கும் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள்.

கட்டுரையாளருக்கு எழுத வருகிறது, அதில் சந்தேகமே இல்லை. கள்ளச்சாராயம் ஏற்றிய காரை ராத்திரியில் மலைப்பாதையில் விரட்டிக்கொண்டு போவது, எதிரே போலீஸ் வண்டி குறுக்கே நின்றால் இரண்டாம் கியருக்கு இறக்கி, ஸ்டீயரிங்கை ஒடித்து, ஓடுகிற வேகத்திலேயே வண்டியைச் சுழற்றி வந்த வழியே பறப்பது, இதையெல்லாம் படிக்கும்போது என் மகன் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டான். ஆனால் அந்தக் கட்டுரை முழுக்கச் சாலைதான் இருக்கிறது. வீடே இல்லை. "ரத்தத்திலேயே வேகம்" என்று ஒரு வரி வருகிறதே, அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. ரத்தத்தில் ஒன்றும் இல்லைங்க. அந்தப் பையனை ராத்திரியில் காரில் ஏற்றி அனுப்பியது அவன் வீடு.

ஜூனியர் 1931ல் வில்க்ஸ் கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) பிறந்தவர். சார்லட்டிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம், அப்பலாச்சியன் மலைத்தொடர் ஏறத் தொடங்கும் இடம். (நாங்கள் ஆணியும் பெயின்ட்டும் வாங்கப் போகும் லோஸ் கடை முதன்முதலில் திறக்கப்பட்டதும் அங்கேதான், வடக்கு வில்க்ஸ்பரோவில். அது வேறு கதை.) மலைக்காட்டு மண், கொஞ்சம் சோளம் விளையும், விளைந்ததை மோசமான ரோட்டில் வண்டி கட்டிக் கொண்டுபோய் விற்றால் ஒன்றும் மிஞ்சாது, அதையே சாராயமாகக் காய்ச்சி விற்றால் வரி வாங்கி, விதை வாங்கி, பிள்ளைகளுக்குச் செருப்பும் வாங்கலாம். 1920லிருந்து 1933 வரை நாடு முழுக்க மதுவிலக்கு. அது போன பிறகும் தென் மாநிலங்களில் பல ஊர்களில் தடை தொடர்ந்தது. கூட்டரசுக்கு வரி கட்டாமல் காய்ச்சினால் எங்கே காய்ச்சினாலும் குற்றம், அது எப்போதும் இருந்தது. வில்க்ஸ் கவுன்ட்டிக்காரர்கள் இதைக் குற்றமாகவே நினைக்கவில்லை, அங்கே அது ஒரு குடிசைத் தொழில்.

ஜூனியரின் அப்பா, அவரும் ராபர்ட் கிளென் ஜான்சன்தான், மகனுக்கும் அதே பேரை வைத்ததால்தான் ஜூனியர், வாழ்நாள் முழுக்கச் சாராயம் காய்ச்சியவர். 63 வயது வரை வாழ்ந்தார், அதில் ஏறக்குறைய 20 வருடம் சிறையில். மூன்றில் ஒரு பங்கு வாழ்க்கை. 1935ல் வரித்துறை அதிகாரிகள் அந்த வீட்டில் நடத்திய சோதனையில் ஆயிரக்கணக்கான காலன் சாராயம் பிடிபட்டது, அந்தக் காலத்தில் நாட்டையே பேசவைத்த சோதனை. ஜூனியருக்கு அப்போது நாலு வயது இருக்கும். சீருடைக்காரர்கள் வீட்டுக்குள் வந்து படுக்கையறை வரை குடைவதும், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவதும், அப்பா திரும்பி வருவதும், மறுபடி அடுப்பு எரிவதும், இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை 14 வயதில் என்ன செய்வான்? ஓட்டுநர் உரிமம் வாங்கும் வயது வருமுன்னே சாராயக் காரை ஓட்டினான். துணிச்சல் என்று சொல்வது ஒரு பக்கம். அப்பா உள்ளே, வீட்டில் வருமானத்துக்கு ஆள் வேண்டும், பையனுக்குக் கால் பெடலுக்கு எட்டுகிறது, அவ்வளவுதான் என்று சொல்வது இன்னொரு பக்கம். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது.

இப்போது அம்மா. அவர் பேர் லோரா பெல். ஏழு பிள்ளைகள். ஜூனியர் நாலாவது. உங்கள் கட்டுரையில் 1940 ஃபோர்டு காரின் எஞ்சினுக்கு ஒரு பத்தி இருக்கிறது, இந்த அம்மாவுக்கு ஒரு வரிகூட இல்லை. உங்களை மட்டும் சொல்லவில்லை, இங்கே ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள், பிறந்த ஊர், பெற்றோர் பேர் என்று ஒரு வரியில் வந்துவிட்டு அடுத்த வரியில் காருக்குப் போய்விடுவார்கள். புருஷன் 20 வருடம் உள்ளே இருந்தால் அந்த 20 வருடமும் வெளியே யாரோ சமைத்திருக்க வேண்டும், யாரோ மாடு பார்த்திருக்க வேண்டும், சோதனைக்கு வந்தவர்கள் கலைத்துப்போட்ட வீட்டை யாரோ ஒதுக்கியிருக்க வேண்டும். ராத்திரி காரை எடுத்துக்கொண்டு போன பையன் விடிவதற்குள் வருவானா என்று யாரோ விழித்திருந்திருப்பார்கள். அந்த அம்மா என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது, ஊகித்து எழுதவும் மாட்டேன். ஆனால் கார் போன வேகத்தை மைல் கணக்கில் எழுதுகிறவர்கள், வீட்டில் ஏழு பிள்ளைகள் என்பதையாவது எழுதலாம் இல்லையா?

மாமாவிடம் போனில் இதைச் சொன்னேன்.

"அதெல்லாம் அந்தக் காலம்மா. அப்பல்லாம் பொம்பளைங்க பேரை யாரு எழுதுனா?"

"இது போன வாரம் வந்த பேப்பர்தானே மாமா?"

சிரித்துவிட்டார். அப்புறம், "சரி, நீயே எழுதிப் போடு" என்றார். எழுதிவிட்டேன்.

காரைப் பற்றி எனக்கும் ஆர்வம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். போன கோடையில் சார்லட்டில் இருக்கும் நாஸ்கார் (அமெரிக்கக் கார் பந்தய அமைப்பு) ஹால் ஆஃப் ஃபேம் காட்சியகத்துக்குப் போயிருந்தோம். அங்கே ஜூனியர் ஜான்சன் தன் கையாலேயே அமைத்துக் கொடுத்த சாராய அடுப்பு ஒன்று வைத்திருக்கிறார்கள், உண்மையான அடுப்பு. என் மகன் அதன் முன்னால் நின்று கட்டைவிரலைத் தூக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டான். சுற்றிலும் குழந்தைகள், ஐஸ்கிரீம், தொப்பி விற்கிற கடை. அந்த மாதிரி ஒரு அடுப்புக்காகத்தான் ஒரு மனிதர் 20 வருடம் உள்ளே இருந்தார் என்று அவனிடம் சொன்னேன், "சீரியஸ்லி?" என்று கேட்டுவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டான். சாராயக் கார்களின் பின்பக்க ஸ்பிரிங்கை முறுக்கேற்றி வைப்பார்களாம், நூறு காலனுக்கு மேல் ஏற்றினாலும் வண்டி தாழாமல் மட்டமாக நிற்கும், சந்தேகம் வராது. சரக்கை இறக்கிய பிறகு அதே வண்டி பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், தெரிந்தவர்கள் பார்த்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த நுணுக்கம் எல்லாம் ரசிக்க வேண்டியதுதான். ஆனால் சாராயம் என்றால் நம் ஊரில் 2024 ஜூன் மாதக் கள்ளக்குறிச்சி நினைவுக்கு வரும், 60 பேருக்கு மேல் செத்தார்கள். இங்கேயும் எல்லோரும் செம்பு உலோகப் பாத்திரத்தில் வடிக்கவில்லை, பழைய கார் ரேடியேட்டரில் ஆவியைக் குளிரவைத்து வடித்தவர்கள் இருந்தார்கள், அதில் ஒட்டவைத்த ஈயம் சாராயத்தில் இறங்கும், குடித்தவன் கதி என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கட்டுரையில் அந்தக் காரில் போவது என்னவோ மலைத்தேன் மாதிரி இருக்கிறது.

ஒரு தகவல் பிழையையும் திருத்த வேண்டும். "வாழ்நாளில் ஒருமுறைகூடப் பிடிபடாதவர்" என்று போட்டிருக்கிறீர்கள். சாலையில் பிடிபடவில்லை, அது சரி, அதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஆனால் 1956ல் அப்பாவின் சாராய அடுப்பைப் பற்றவைக்கப் போன இடத்தில் அதிகாரிகள் சுற்றிவளைத்துப் பிடித்தார்கள். அப்போது அவர் பந்தயங்களில் பேர் வாங்கிவிட்டார், அதற்கு முந்தைய வருடம் மட்டுமே ஐந்து பந்தயங்களில் ஜெயித்தவர். இரண்டு வருடத் தண்டனை, ஒஹாயோ மாநிலத்தில் சில்லிகாத்தி என்ற ஊரின் கூட்டரசுச் சிறையில் 11 மாதம் இருந்தார். கவனியுங்கள், கார் அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. அப்பாவின் அடுப்பு அனுப்பியது. 25 வயது ஆளாகி, சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகும் அந்த வீட்டு வேலையிலிருந்து அவரால் வெளியே வர முடியவில்லை. என் பார்வையில் இந்தக் கதையின் முதுகெலும்பே இதுதான். 1986ல் அதிபர் ரீகன் மன்னிப்பு வழங்கிய பிறகுதான் அவருக்கு வாக்குரிமை திரும்பக் கிடைத்தது, அப்போது அவருக்கு வயது 55. இதையெல்லாம் விட்டுவிட்டு "பிடிபடாதவர்" என்று எழுதினால் பையன்கள் எதை எடுத்துக்கொள்வார்கள்?

இன்னொரு பேரையும் சொல்கிறேன், லாய்ட் சே. ஜார்ஜியா மாநிலத்தில் டாசன்வில் என்ற மலையடிவார ஊர்க்காரர். அவரும் சாராயக் கார் ஓட்டித்தான் பழகினார், அவரும் பந்தயத்துக்கு வந்தார், ஜூனியருக்கு முந்தைய தலைமுறை. 1941 செப்டம்பர் 1ஆம் தேதி அட்லான்டாவில் லேக்வுட் மைதானத்தில் ஜெயித்தார். மறுநாள் செத்தார். கார் கவிழ்ந்து இல்லை, போலீஸ் சுட்டும் இல்லை. சாராயம் காய்ச்ச வாங்கிய சர்க்கரைக்குக் கணக்குத் தகராறு, ஒன்றுவிட்ட சகோதரர் முறையாகும் சொந்தக்காரரே சுட்டுவிட்டார். வயது 21. டாசன்வில்லில் அவருடைய கல்லறைக் கல்லில் அவர் ஓட்டிய ஃபோர்டு காரைச் செதுக்கியிருக்கிறார்கள், கார் ஜன்னலில் மட்டும் அவருடைய போட்டோவைப் பதித்திருக்கிறார்கள், ஓட்டிக்கொண்டிருப்பது போலவே இருக்கும். பந்தய ரசிகர்கள் இன்றைக்கும் போய்ப் பார்க்கிறார்கள். அத்தனை வளைவுகளிலும் தப்பித்த பையனை வீட்டுக் கணக்கு கொன்றது. சர்க்கரை மூட்டைக்காக!

இவரையும் ஜூனியரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஜூனியர் பிழைத்தது திறமையால் மட்டும் இல்லை, கொஞ்சம் அதிர்ஷ்டம், கொஞ்சம் காலம். 1947ல் வடக்கு வில்க்ஸ்பரோவில் பந்தய மைதானம் திறந்தது. கோவேறு கழுதையைப் பூட்டி உழுதுகொண்டிருந்த பையனை அண்ணன் வந்து, என் சாராயக் காரைப் பந்தயத்தில் ஓட்டுகிறாயா என்று கூப்பிட்டான், போனான், இரண்டாவதாக வந்தான் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை, அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சட்டப்படி வேகமாக ஓட்ட ஒரு இடம் வீட்டுப் பக்கத்திலேயே வந்தது. அப்புறம் நடந்ததெல்லாம் உங்கள் கட்டுரையில் இருக்கிறது: 1960ல் டேட்டோனா 500 என்ற பெரிய பந்தயத்தில் வெற்றி, தன்னுடையதைவிட வேகமான வண்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டு போனால் காற்றே இழுத்துக்கொண்டு போகும் என்று கண்டுபிடித்தது, மொத்தம் 50 வெற்றி, 1966ல் ஓய்வு, பிறகு அணி உரிமையாளராக ஆறு சாம்பியன் பட்டம். 2019 டிசம்பரில் 88 வயதில் இறந்தார். வில்க்ஸ் கவுன்ட்டியில் 421ஆம் நெடுஞ்சாலையில் ஒரு பகுதிக்கே அவர் பேர் வைத்திருக்கிறார்கள், அரசாங்கமே! நல்ல வாழ்க்கைதான். அவரைப் போல அதே ரோட்டில் ஓட்டிய மற்ற வீட்டுப் பையன்கள் எத்தனை பேர், அவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் ஞாயிறு இணைப்பில் எழுதப்போவதில்லை.

இதை ஏன் இவ்வளவு தூரம் இழுக்கிறேன் என்றால், உங்கள் பேப்பரிலேயே வேறு பக்கங்களில் சிறுவன் கார் ஓட்டி விபத்து என்ற செய்தி வந்துகொண்டே இருக்கிறது. 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் போர்ஷே காரை ஓட்டி இரண்டு இளம் பொறியாளர்கள் செத்தபோது ஊரே கொதித்தது, 300 வார்த்தைக் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்தார்கள் என்று. 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ பிரிவு என்ன சொல்கிறது? சிறுவன் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. சாவியைக் கொடுத்தவனைக் கேட்கிற சட்டம். செய்திப் பக்கத்தில் அப்பனைக் கேள் என்று தலையங்கம் எழுதுகிறீர்கள், இணைப்பில் அதே வேலையைச் செய்த அமெரிக்க அப்பனைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. மலையும் பழைய காரும் இருந்தால் எல்லாம் அழகாகிவிடுமா?

எங்கள் மாநிலத்தில் 1997 டிசம்பரிலிருந்து படிப்படியான உரிமம்தான். 15 வயதில் பழகுநர் உரிமம், பக்கத்தில் பெரியவர் உட்கார்ந்தால்தான் வண்டியை எடுக்கலாம். 16ல் தனியாக ஓட்டலாம், ஆனால் இரவு 9 மணியிலிருந்து காலை 5 மணி வரை தனியாக ஓட்டக் கூடாது, கூட்டாளிகளை அடைத்துக்கொண்டு போகவும் கூடாது. இது வந்த பிறகு 16 வயதினர் ஓட்டிய வண்டிகளின் உயிர்ப்பலி விபத்துகள் 1996க்கும் 1999க்கும் இடையில் பாதிக்கும் மேல் குறைந்தன. நல்ல சட்டம். இதில் 60 மணி நேரம் பெற்றோருடன் ஓட்டியதாகத் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், அதில் 10 மணி நேரமாவது இருட்டில் ஓட்டியிருக்க வேண்டும். இங்கேதான் நம் ஆட்கள் வருகிறார்கள். ஒரு விருந்தில் நான் கண்ணால் பார்த்தேன்: மறுநாள் உரிம அலுவலகத்துக்குப் போக வேண்டும், சாம்பார் வாசத்துக்கு நடுவே டைனிங் டேபிளில் தாளை விரித்துவைத்து, ஒரு வரிக்கு நீலப் பேனா, அடுத்த வரிக்குக் கறுப்புப் பேனா, நடுவில் ஒரு வரிக்குப் பென்சில், பல மாதம் எழுதியது மாதிரி இருக்க வேண்டுமாம். "மழை" என்று ஒரு வரியில் போடுங்க, நம்பும்படி இருக்கும் என்று பக்கத்தில் ஒருவர் யோசனை வேறு சொல்கிறார். ஐஐடியில் படித்தவர். பையன் பார்த்துக்கொண்டே வடை தின்கிறான். அந்த வீட்டில் யாரும் சிறைக்குப் போனதில்லை, ஏழ்மையும் இல்லை, சாராயம் காய்ச்ச வேண்டிய கட்டாயமும் இல்லை. வில்க்ஸ் கவுன்ட்டி அப்பாவுக்காவது பசி என்று ஒரு காரணம் இருந்தது.

எங்கள் வீட்டுத் தாளை என் கணவரும் நானும் மாறி மாறி உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருக்கிறோம். பையன் நன்றாக ஓட்டுகிறான், லேன் மாறும்போது மட்டும் என் வலது கால் தானாகவே இல்லாத பிரேக்கை மிதிக்கிறது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்த எந்த அம்மாவுக்கும் இது புரியும்.

உங்களிடம் கேட்பது இரண்டு. 1956 கைதைப் பற்றித் திருத்தம் போடுங்கள். அப்புறம், அடுத்த வாரம் இரண்டாம் பகுதி வரும் என்று கட்டுரையின் அடியில் போட்டிருக்கிறது, அதில் லோரா பெல் ஜான்சனின் பேர் ஒரு இடத்திலாவது வர வேண்டும். அந்த அப்பாவின் 20 வருடச் சிறையும் வர வேண்டும். இடம் போதவில்லை என்றால் காரின் எஞ்சின் பத்தியைக் குறைத்துக்கொள்ளலாம். பக்கம் அச்சுக்குப் போகுமுன் இது உங்கள் கைக்கு வந்துவிட்டால் நல்லது, அதனால்தான் தபாலில் போடாமல் மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சார்லட், வட கரோலினா

பி.கு: கட்டுரையோடு போட்டிருக்கும் படத்தில் இருப்பது 1940 ஃபோர்டு இல்லை. உடம்பெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டிய இந்தக் காலத்துப் பந்தயக் கார். என் மகன்தான் கண்டுபிடித்தான்.